மூடியைத் திறக்கும் முன்பே முடிய வேண்டிய வேலை

வேகமாக ஓடும், சீண்டினால் கடிக்கத் தயங்காத டாரன்டுலா என்னும் பெருஞ்சிலந்தியைப் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தால், எல்லோரும் முதலில் கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கை நடுங்கக் கூடாது, துணிச்சல் வேண்டும், சட்டென்று முடிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாதுகாப்பு என்பது மூடியைத் திறப்பதற்கு முன்பு செய்த ஏற்பாட்டில் இருக்கிறது. சிலந்தி தானாக நடந்து போக ஓர் இருண்ட வழியை அமைத்துவிட்டால், மனிதர் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டுமே. அந்த வழியை அமைக்காமல் திறந்துவிட்டால், எவ்வளவு தேர்ந்த கையானாலும் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் நிற்க வேண்டும். மரக்காணம் உப்பளக் கரையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையின் வெப்பமும் உப்புக் காற்றும் மழையும் இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே வருகின்றன. வேறு ஊருக்கு எழுதிய குறிப்பை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

முதலில் எந்தச் சிலந்தியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். உலகெங்கும் வளர்ப்போர் பலர் விரும்புவதும் அஞ்சுவதும் போசிலோதீரியா என்னும் மரவாழ் டாரன்டுலாக்களை. இவை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியவை. போக்காக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1899-இல் விவரித்த போசிலோதீரியா ரெகாலிஸ் நம் அரக்கோணத்தில் கிடைத்தது. அதே ஆண்டு அவர் விவரித்த நீலநிற மெட்டாலிக்கா ஆந்திரத்தின் குத்தியில் கிடைத்தது. ராமேசுவரம் பகுதியின் ஹனுமவிலாசுமிக்கா 2004-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. மெட்டாலிக்காவையும் ஹனுமவிலாசுமிக்காவையும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-இல் மிக அருகிய நிலையில் உள்ளவையாகப் பட்டியலிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் டாரன்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பூட்டும் முடிகள் உண்டு; எதிரியைக் கண்டால் முதலில் அவற்றை உதறிவிடும். நம் பக்கத்துச் சிலந்திகளுக்கு அந்த ஆயுதம் கிடையாது. ஒளிவது, ஓடுவது, கடிப்பது ஆகிய மூன்றுதான் அவற்றின் வழிகள். முதல் இரண்டு வழிகளையும் நாம் அடைக்கும்போது மூன்றாவது மட்டும் மிஞ்சுகிறது. கடி என்பது பெரும்பாலும் நம் ஏற்பாட்டின் குறையைக் காட்டும் விளைவு. சிலந்தியின் கெட்ட குணம் அல்ல.

ஒளியவும் ஓடவும் வழி விட்டால் ஆபத்தான உயிரும் தானே உள்ளே போகும் என்பதற்கு இந்தக் கரையிலேயே சான்று இருக்கிறது. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மாமல்லபுரத்தைத் தாண்டி வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் நல்ல பாம்பையும் விரியனையும் வாயில் துணி கட்டிய மண்பானைகளில் வைக்கிறார்கள். பானைக்குள் இருட்டும் நெருக்கமும் இருப்பதால் பாம்பு அடங்கி இருக்கிறது. வீடுகளில் புகும் பாம்பைப் பிடிப்போர் இன்று பயன்படுத்தும் குழாயும் துணிப்பையும் இதே அறிவில் பிறந்தவைதான். குழாயின் இருண்ட வாயைப் பாம்புக்கு முன்னால் வைத்தால், அதைப் பொந்து என்று எடுத்துக்கொண்டு அது உள்ளே போகிறது. கழுத்தைப் பிடிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. டாரன்டுலாவுக்கும் இந்த அறிவு அப்படியே பொருந்தும். நெடுநாள் வளர்த்தவர்களின் முறைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இருட்டை நோக்கிச் சிலந்தியை நடக்க விடும் முறைகளாகவே இருக்கின்றன.

அவற்றில் மிகச் சிறந்தது, பழைய வீட்டையே புதிய வீட்டுக்குள் வைத்துவிடுவது. குட்டிச் சிலந்தி வாழும் சிறு டப்பாவைத் திறந்து, பெரிய பெட்டிக்குள் மரப்பட்டையின் அருகே சாய்த்து வைத்து, பெரிய பெட்டியை மூடிவிட வேண்டும். சிலந்தி தனக்கு வேண்டிய இரவில் தானே வெளியேறிப் புதிய பொந்தில் வலை பின்னிக்கொள்ளும். சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். வளர்ந்த மரச்சிலந்தியானால், அது ஒளிந்திருக்கும் பட்டைக் குழலின் இரு வாயையும் பஞ்சாலோ துணியாலோ அடைத்து, குழலோடு எடுத்துப் புதிய பெட்டிக்குள் வைத்து, நீண்ட இடுக்கியால் ஒரு பக்கத்து அடைப்பை மட்டும் நீக்கிவிட்டு மூடலாம். குழலுக்கு வெளியே இருந்தால், வாயகன்ற ஒளிபுகும் டப்பாவை அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்து, கீழே தடித்த அட்டையை நுழைக்க வேண்டும். மண்ணில் வளை தோண்டும் சைலோபிராக்கிஸ் போன்றவற்றுக்கு, அடிப்பகுதியை வெட்டிய பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை வளையின் வாயில் பதித்து, நீண்ட பிடியுள்ள மென்மையான தூரிகையால் பின்காலை லேசாகத் தொட்டால் அது பாட்டிலுக்குள் ஏறிவிடும். எந்த முறையிலும் தூரிகை பின்னங்காலை மட்டுமே தொட வேண்டும். முன்காலைத் தொட்டால் எதிரியோ இரையோ வந்துவிட்டது என்று சிலந்தி பாயும்.

மரச்சிலந்தி மிரண்டால் மேல்நோக்கி ஓடும். கிடைத்த செங்குத்துப் பரப்பில் ஏறி, அதன் மறுபக்கம் மறையும். தூரிகை பிடித்த கை பெட்டிக்குள் நீண்டிருந்தால் அந்தக் கையே அதற்கு மரம். கடிகளும் தப்பி ஓடுவதும் நேர்வதற்கு இது முக்கியமான வழி. அதனால் கை உள்ளே போகாத அளவுக்குக் கருவி நீளமாக இருக்க வேண்டும். சிலந்தி போக வேண்டிய இருண்ட வாய் அதற்கு மேலே இருக்க வேண்டும். கை சிலந்திக்குப் பின்னால், கீழே இருக்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் தவறக்கூடும் என்பதால் இரண்டாவது சுவர் ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய பெட்டி, புதிய பெட்டி இரண்டையும் உயரமான, ஒளிபுகும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். அந்தப் பெரிய பெட்டியை, சாமான் இல்லாத சிறிய அறையில், கதவிடுக்கைத் துணியால் அடைத்து, நீர்போகும் துளையை மூடி, மின்விசிறியை நிறுத்திய பிறகு வைக்க வேண்டும். கீற்றுக் கூரையோ ஓட்டுக் கூரையோ உள்ள அறையைத் தவிர்க்க வேண்டும். மேலே ஏறிவிட்ட சிலந்தியை அங்கே தேடிப் பிடிப்பது இயலாத காரியம்.

இனி இந்தக் கரைக்கே உரிய மூன்று விஷயங்கள். ஒன்று, உப்புக் காற்று. உப்பளத்துக்குப் பக்கத்து வீடுகளில் இரும்புக் கீலும் திருகும் கம்பிவலையும் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. துருவேறிய மூடி மெதுவாகத் திறக்காது. முதலில் அடம்பிடித்து, பிறகு வெடுக்கென்று விடும். அந்த ஒரு குலுக்கலே சிலந்தியை ஓட வைக்கப் போதும். சிலந்தியின் காலில் உள்ள நுண்முடிகள் காற்றின் மிகச் சிறு அசைவையும் அதிர்வையும் உணரக்கூடியவை. இங்கே இரும்பு பூட்டிய பெட்டியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் கொக்கியும் பிளாஸ்டிக்கில் துளைத்த காற்றுத் துளைகளும் உள்ள பெட்டியை வாங்குவதே சரி. காலிப் பெட்டியின் மூடியைப் பல தடவை திறந்து மூடிப் பார்த்த பிறகே சிலந்தியை அதில் விட வேண்டும். பிற்பகலில் கடற்காற்று எழும் என்பதால் சன்னலையும் சாத்த வேண்டும்.

இரண்டாவது, வெப்பம். 2015-இல் ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் பயாலஜி இதழில் வெளியான ஓர் ஆய்வு, டெக்சாஸ் பழுப்பு டாரன்டுலாக்களைப் பல வெப்பநிலைகளில் ஓடவிட்டு அளந்தது. 15 டிகிரியில் ஓடியதைவிட 40 டிகிரியில் அவை ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகமாக ஓடின. வேகம் கூடியபோது கால்மூட்டுகளின் ஒத்திசைவு குறைந்தது. சிலந்தி தன் காலை நீட்டுவது உடல்திரவத்தின் அழுத்தத்தால். அதிவேகத்துக்கு அந்த அழுத்தம் ஈடுகொடுப்பதில்லை என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆய்வு வேறு இனத்தில் நடந்தது என்றாலும், சுற்றுப்புறத்தின் சூட்டையே தன் உடல்சூடாகக் கொள்ளும் எல்லாச் சிலந்திக்கும் அடிப்படை ஒன்றுதான். சித்திரை, வைகாசி நண்பகலில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. விடிந்த கையோடு, அறை குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். அப்படியானால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மந்தமாக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. வெப்பக் கரைச் சிலந்தியைச் சட்டென்று குளிரில் தள்ளுவது அதன் உயிருக்கே கேடாகலாம். மந்தமாக இருப்பதாக நம்பித் திறக்கும் கை, அது சூடேறி விழிக்கும் நொடியில் ஆயத்தமின்றி இருக்கும்.

மூன்றாவது, மழை. 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய நேரத்தில் மின்சாரம் இருக்காது, வெளிச்சம் இருக்காது, வீட்டில் எல்லோரும் பதற்றத்தில் இருப்பார்கள். அப்போது சிலந்தியை ‘பாதுகாப்பான’ டப்பாவுக்கு மாற்ற நினைப்பதுதான் பெரிய தவறு. பெட்டியைத் திறக்காமல், மூடியை நாடாவால் ஒட்டி, காற்றுத் துளை மறையாமல் பார்த்து, உயரமான இடத்துக்குப் பெட்டியோடு தூக்கி வைத்தால் போதும். ஐப்பசி பிறப்பதற்குள் இடமாற்ற வேலைகளை முடித்துவிடுவது இந்தக் கரையில் வளர்ப்போருக்கு நல்ல பழக்கம்.

இவ்வளவு ஆயத்தம் மிகை, தடித்த கையுறை போட்டுக்கொண்டு சட்டென்று மாற்றிவிடலாம் என்பார்கள். கையுறை கடியின் பயத்தைக் குறைக்கும். கூடவே விரல் நுனியின் உணர்வையும் குறைக்கும். நசுங்கிய கால் சிலந்திக்கு ஊனம்; கிழிந்த வயிறு பெரும்பாலும் மரணம். கையுறையில் ஏறிய சிலந்தி மணிக்கட்டைத் தாண்டித் தோளுக்குப் போக நேரம் ஆகாது. இன்னொரு வாதம், நாளாக நாளாக அது நம்மோடு பழகிவிடும் என்பது. நாயைப் போல ஆளை அறிந்து நம்பும் பழக்கம் சிலந்திக்கு இருப்பதாகக் கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. நேற்று அமைதியாக இருந்தது என்பது நேற்றைய செய்தி மட்டுமே. தோல் உரிக்கும் காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும் அதை மாற்றவே கூடாது. புதுத் தோலும் வெளிறிய நச்சுப்பல்லும் இறுகக் காலம் கொடுக்க வேண்டும்.

டாரன்டுலா கடித்து யாரும் சாகவில்லையே, பிறகு ஏன் இவ்வளவு அச்சம் என்று கேட்பவர்களும் உண்டு. டாரன்டுலா நஞ்சால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2014-இல் டாக்சிகான் இதழில் வெளியான மருத்துவ ஆய்வு, போசிலோதீரியா கடிகளை நாம் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று எச்சரித்தது. கடும் வலியோடு, பல மணி நேரம் கழித்துத் தசைப்பிடிப்பு வருவது அதில் விவரிக்கப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு டாரன்டுலாக்கள் கடித்து நாய்கள் இறந்திருக்கின்றன. ஆகவே வேலை நடக்கும் அறையில் நாயும் குழந்தையும் இருக்கக் கூடாது. கடிபட்டால் சோப்பு நீரால் கழுவி, குளிர் ஒத்தடம் வைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும். இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். நம் மருத்துவமனைகளில் இருக்கும் நச்சுமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது, சிலந்திக்கு உதவாது. எனவே கடித்தது இன்னதென்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று உடனே வீடு திரும்பாமல், அவர் சொல்லும் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

கடைசியாக, வளர்ப்பதே சரியா என்ற கேள்வி. இதை நான் ஒதுக்க விரும்பவில்லை. 2019 முதல் போசிலோதீரியா பேரினம் முழுவதும், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பட்டியலை நம் நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய 2024-இல் விதிகள் வந்தன. காட்டிலிருந்தோ கழுவெளிச் சதுப்பு நிலத்துப் பக்கத்து மரப்பொந்திலிருந்தோ ஒரு சிலந்தியைப் பிடித்து வந்து வளர்ப்பதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. வீட்டுக்குள் ஒரு பெரிய சிலந்தி வந்துவிட்டால் அடித்துக் கொல்லவும் வேண்டாம், பெட்டியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். டப்பாவைக் கவிழ்த்து அட்டையை நுழைக்கும் அதே முறையில் எடுத்து, அருகில் உள்ள மரத்தடியில் விட்டுவிடலாம்; தயக்கம் இருந்தால் வனத்துறையை அழைக்கலாம். சட்டத்துக்கு உட்பட்டு ஏற்கெனவே வளர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மூடியில் கை வைக்கும் முன், சிலந்தி எங்கே ஓடும், அங்கே அதற்கு இருட்டு இருக்கிறதா, தவறினால் எந்தச் சுவர் தடுக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிப் பாருங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அன்று திறக்காதீர்கள். ஒரு நாள் தாமதித்தால் சிலந்திக்கு எந்த நஷ்டமும் இல்லை.