பிராண்டன் மலை ஏறும் முன்

அன்புள்ள கார்த்திக்,

பரீட்சை முடிந்ததும் நண்பர்களோடு அயர்லாந்தின் கெர்ரிக்குப் போய் பிராண்டன் மலை ஏறப்போகிறாயாம், அண்ணி போனில் சொன்னார். தாராளமாகப் போ. ஆனால் 952 மீட்டர்தானே என்று அலட்சியம் வேண்டாம். அட்லாண்டிக் ஓரத்திலேயே நிற்கிற மலை அது. கீழே வெயில் அடிக்கும்போதே உச்சியை மேகம் மூடிவிடும்.

1940 ஆகஸ்டில் ஒரு ஜெர்மானியக் கோண்டார் விமானம் மூடுபனியில் இந்த மலையில்தான் விழுந்தது. அதிலிருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். 1943 ஜூலையில் லிஸ்பனிலிருந்து வந்த பயணிகள் கடல்விமானம் இதே மலையில் மோதியபோது பலர் இறந்துபோனார்கள். தேர்ந்த விமானிகளுக்கே கண்ணில் படாத மலை, போனை நம்பி ஏறுகிற உனக்கு மட்டும் தெரியுமா?

கிழக்கே ஃபாஹாவிலிருந்து ஏறும் வழி அழகானது, மறுக்கவில்லை. பனியாறு குடைந்த பள்ளத்தில் ஏரிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஆனால் கடைசி ஏற்றம் செங்குத்தான ஈரப்பாறை. முதல் தடவை மேற்கே பாலிபிராக்கிலிருந்து யாத்ரீகர்கள் ஏறும் பாதையிலேயே போ. வழியெல்லாம் சிலுவைகள் நட்டிருக்கும். ஆறாம் நூற்றாண்டுத் துறவி பிரெண்டனின் பெயரில் உள்ள மலை இது. அவர் அமெரிக்காவரை கடலில் போனார் என்ற கதையில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். ஆனாலும் அதைச் சோதித்துப் பார்க்க டிம் செவரின் என்பவர் 1976இல் இந்த மலையடியிலிருந்து தோல்படகில் கிளம்பி, மறு வருஷம் நியூஃபவுண்ட்லாந்தில் கரை சேர்ந்தார். ஆகவே முடியாத காரியம் என்றும் சொல்ல முடியவில்லை.

இனி சேறு. அங்கே சரிவெல்லாம் பீட் மண், மழைநீரைக் குடித்து ஊறிக் கிடப்பது. புல்தரை மாதிரி பளிச்சென்று பச்சையாகத் தெரியும் இடத்தில் கால் வைக்காதே. அது தண்ணீர் நிறைந்த பாசி, முழங்கால்வரை இழுத்துவிடும். பழுப்பு நிறப் புதர்த்தூறு ஓரளவு தாங்கும். தடியால் குத்திப் பார்த்து அடியெடுத்து வை. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, காற்றில் உடம்பு விறைத்துவிடும். கணுக்காலை மூடும் பூட்ஸ், மழைக்கோட்டு, காகித வரைபடம், திசைகாட்டி, மாற்றுக் காலுறை இவற்றை மறக்காதே.

அடுத்த சிலுவை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கினால், உச்சி பக்கத்தில்தான் என்று யார் சொன்னாலும் கேட்காதே, வந்த வழியே திரும்பிவிடு. ஆபத்தென்றால் 112ஐ அழைத்து மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேள். வருகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். எந்தப் பக்கம் ஏறுகிறாய், எத்தனை மணிக்குள் இறங்குவாய் என்று அன்று காலையே எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடு.

அன்புடன்,
சித்தப்பா