நண்டும் உப்பும்

மேற்கு வங்காளத்தின் தெற்குக் கோடியில் சுந்தரவனம் இருக்கிறது. அது சேறும் அலையாத்தி மரங்களும் நிறைந்த காடு. கங்கையின் கிளைகள் அங்கே கடலில் கலக்கின்றன. அங்கே சேற்று நண்டு உண்டு. அதைப் பிடித்து விற்றுப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. சிலர் மெலிந்த நண்டைக் குளத்தில் விட்டுக் கொழுக்க வைத்து விற்கிறார்கள்.

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். மழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து கலக்கும். நீரில் உப்புக் குறையும். ஆனால் நண்டின் இரத்தத்தில் உப்பு மிகவும் குறையக் கூடாது. குறைந்தால் நண்டு இறந்துவிடும்.

இந்த உப்பைக் காப்பது எது? நண்டின் செவுள். செவுள் மூச்சு விடவும் உதவுகிறது. நீரில் உள்ள உப்பை இழுத்து இரத்தத்தில் சேர்க்கவும் உதவுகிறது.

மனிதரைப் போல நண்டும் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. இந்த வாயு நீருடன் சேர்ந்தால் அமிலமும் பைகார்பனேட்டும் உண்டாகும். செவுள் இவற்றை வெளியே கொடுக்கிறது. பதிலுக்கு உப்பை உள்ளே வாங்குகிறது. இது பண்டமாற்றுப் போன்றது.

சுற்றியுள்ள நீரில் கரியமில வாயு மிகுந்தால் என்ன ஆகும்? நண்டின் உடம்பில் உள்ள வாயு எளிதில் வெளியேறாது. இரத்தத்தில் அமிலம் ஏறும். அமிலத்தைத் தணிக்க பைகார்பனேட் வேண்டும். நண்டு அதைச் சேர்த்து வைக்கும். பண்டமாற்றுத் தடுமாறும். உப்பின் அளவு மாறும். இதைச் சரிசெய்யவே நண்டின் சக்தி செலவாகும். வளர்ச்சி குறையும்.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரியும்போது கரியமில வாயு வருகிறது. மனிதர் வெளியிடும் இந்த வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. கடல் நீரின் தன்மை மெல்ல மாறி வருகிறது.

குளத்திலும் இந்த வாயு சேரும். மீந்த தீனி அழுகினால் வாயு உண்டாகும். இரவில் பாசியும் வாயுவை வெளியே விடும். ஆகவே விடியற்காலையில் வாயு அதிகமாக இருக்கும்.

கடலை ஒருவர் மட்டும் காக்க முடியாது. குளத்தைக் காக்கலாம். மீந்த தீனியை அன்றன்றே அள்ள வேண்டும். கடல் ஏற்றத்தின்போது புது நீர் விட வேண்டும். நண்டுகளை நெருக்கமாக விடக் கூடாது.

யோசித்துச் சொல்லுங்கள்

1. செவுளின் இரண்டு வேலைகள் எவை?
2. மழைக் காலத்தில் நண்டுக்கு ஏன் கஷ்டம்?
3. மீந்த தீனியை ஏன் அள்ள வேண்டும்?