முட்டி ஆபரேஷன் முடிந்தவளுக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

தையல் பிரித்தாயிற்று, வாக்கரையும் ஓரமாக வைத்தாயிற்று, "இன்னும் ஏன்க்கா வீக்கம் வடியலை?" என்று கேட்கிறாய். தங்கச்சி, மேல் காயம் ஆறச் சில வாரம் போதும். உள்ளே சதை தேறி, வீக்கம் முழுக்க வடிய ஒரு வருஷம்கூட ஆகும். சாயங்காலமானால் முட்டி லேசாகச் சுடுவது, நடக்கும்போது 'டக்'கென்று சத்தம் வருவது, தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடப்பது எல்லாம் சாதாரணம். அந்த 'டக்', மாற்றி வைத்த புது மூட்டின் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்கிற சத்தம். தோலைக் கீறும்போது அங்கே ஓடுகிற சின்ன நரம்பு அறுபடுவதால்தான் மரத்துப்போகிறது. கொஞ்சம் இடம் கடைசிவரை அப்படியே இருந்தாலும் நடைக்குக் குறை வராது.

பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, கால் எவ்வளவு நீளுகிறது என்று. கட்டிலில் காலை நீட்டிப் படு. முட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார். உள்ளங்கை தாராளமாகப் புகுந்து வெளியே வந்தால் கால் இன்னும் முழுசாக நீளவில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம், வலிக்கு இதமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் வைக்கிற தலையணை. ராத்திரி முழுக்க அப்படிப் படுத்தால் மடங்கின வாக்கிலேயே மூட்டு இறுகிவிடும். அப்புறம் அடுப்படியில் நின்றாலும் அரைகுறையாக மடங்கின காலில்தான் நிற்பாய். தொடைச் சதை ஓய்வில்லாமல் இழுத்துப் பிடித்துக் களைத்துப்போகும், இடுப்பு வலிக்கும், விந்தி நடப்பாய். அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடு.

அதற்குப் பதிலாக ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வை. முட்டி அந்தரத்தில் இருக்கும். தொடையை இறுக்கி முட்டியைக் கட்டில் பக்கமாக அழுத்து, அஞ்சு எண்ணு, விடு. இப்படிப் பத்துத் தடவை, காலை, மத்தியானம், ராத்திரி. முதல் நாலு நாள் கண்ணில் தண்ணீர் வரும், விட்டுவிடாதே. ஆறு மாசம் கழித்து இறுக்கத்தை எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

மடக்குவதற்கும் கணக்கு இருக்கிறது. சமதரையில் நடக்க 65, 70 டிகிரி போதும். படி இறங்கவும் நாற்காலியிலிருந்து சுலபமாக எழவும் 90-க்கு மேல் வேண்டும். 110 வந்துவிட்டால் வீட்டு வேலைக்குத் தாராளம். அதனால் குந்தி உட்காரவில்லையே என்று ஏங்காதே. அருவாமனை, தாழ்ந்த முக்காலி, இந்தியன் டாய்லெட் மூன்றையும் விடு. வெஸ்டர்ன் கட்ட இடமில்லாத வீடென்றால் நாலு கால் வைத்த கமோட் நாற்காலி கிடைக்கிறது, அதை வாங்கு.

நம்ம வாலாஜாபேட்டை நெசவு வீட்டுப் பெண்களுக்கு இன்னொரு சங்கடம். குழித்தறியில் மிதிப்பதைவிடக் குழிக்குள் இறங்கி ஏறுவதுதான் முட்டியை வதைக்கும். டாக்டரிடம் "நெசவு வேலை" என்று மட்டும் சொல்லாமல் குழி எவ்வளவு ஆழம், எப்படி இறங்குவாய் என்று விவரித்துக் கேள். ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் வேலைக்குத் திரும்பும்போது உட்கார்ந்து செய்கிற இடம் கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்க நின்றால் வீக்கம் திரும்பும். பஸ்ஸிலும் மாடிப்படியிலும் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முன்னே. ஊன்றுகோல் எதிர்ப்பக்கக் கையில் இருக்கட்டும். சோளிங்கர் மலைக்கோயிலுக்கு வேண்டுதல் இருந்தால் 1,305 படியை நினைக்காதே, 2024-ல் ரோப் கார் வந்துவிட்டது.

சிலர் புது மூட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து நடக்காமலே இருந்துவிடுகிறார்கள். இது எனக்கு மனசு தாங்காத விஷயம், அவ்வளவு வலியைப் பட்டது நடக்கத்தானே! 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முழு மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு அது 25 வருஷம் தாங்குவதாகக் கணக்கிட்டது. வாஜ்பாய் 2000-லும் 2001-லும் இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டு 2004 வரை பிரதமராக இருந்தார். தினமும் நட. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகு. தொடைச் சதை தேற முட்டை, சுண்டல், பருப்பு வேண்டும். ஆம்பூர் பிரியாணியை ஆசைக்குச் சாப்பிடு, ஆனால் எடை ஏறவிடாதே. இன்னொரு முட்டியையும் காப்பாற்ற வேண்டுமே.

பிசியோதெரபிக்கு வேலூர் வரை அலைய முடியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்.

காயம் நன்றாக மூடின பிறகு தழும்பில் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லத் தடவலாம். ஆனால் யாராவது புத்தூர் கட்டு போடலாம், உருவிவிடலாம் என்றால் கேட்காதே.

நான் ரொம்பப் பயப்படுவது கிருமிக்குத்தான். பல் சொத்தை, நீர்க்கடுப்பு, காலில் பித்தவெடிப்புப் புண், எதிலிருந்தும் கிருமி ரத்தத்தில் ஏறி உலோகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வருஷம் கழித்தும் இது வரும். சர்க்கரையைக் கட்டுக்குள் வை, பல் டாக்டரிடம் ஆபரேஷன் விஷயத்தை முதலிலேயே சொல். முட்டி திடீரென்று சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், தழும்பில் நீர் கசிந்தால், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி விழுங்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போ. முதல் சில வாரங்களில் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டு. அதோடு மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடு.

வலியே இல்லாவிட்டாலும் ஒரு வருஷத்தில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டு, அப்புறம் டாக்டர் சொல்கிற இடைவெளியில். டிஸ்சார்ஜ் ஃபைலில் மூட்டின் கம்பெனி, சைஸ், நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கிறதா பார். இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி, போனில் போட்டோவும் எடுத்து வை.