சாம்பார் கவரும் சர்க்கரையும்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் 'பிரீ டயாபடிக்' என்று வந்தது. அவர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். டீ, சாம்பார் எல்லாமே பிளாஸ்டிக் கவரில்தான் வாங்குவார். வீட்டில் 20 லிட்டர் கேன் தண்ணீர். பிளாஸ்டிக்கால் சர்க்கரை வருமா? டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிடவா? உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டெஸ்ட் எடுக்கலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: டப்பாக்கள் இருக்கட்டும். முதலில் அந்த டீ கவரை நிறுத்துங்கள்.

சந்தேகம் பிளாஸ்டிக்கில் சேரும் சில ரசாயனங்கள் மீதுதான். ஒன்று, பிஸ்ஃபீனால் ஏ எனப்படும் பிபிஏ. கெட்டியான பாலிகார்பனேட்டிலும், டின் உணவின் உட்பூச்சிலும், பல கடைகளின் வழவழப்பான பில் தாளிலும் இருப்பது. இன்னொன்று, பிவிசியை வளையவைக்கும் தாலேட்டுகள். பிபிஏ ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும் என்பது 1930களிலேயே தெரியும். இன்சுலின் சுரக்கும் செல்களும் ஈஸ்ட்ரோஜனுக்குக் கட்டுப்படுபவை. எலிகளுக்குக் கொஞ்சமாக பிபிஏ கொடுத்தபோதே இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, நாளடைவில் உடம்பு அதற்கு மசியாமல் போனது.

மனிதர்களிடம் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்காவில் 1,455 பேரை வைத்து 2008இல் வந்த ஆய்வில், சிறுநீரில் பிபிஏ கூடுதலாக இருந்தவர்களிடம் சர்க்கரை நோயும் அதிகமாக இருந்தது. ஆனால் டின், பாக்கெட் உணவே கதி என்று இருப்பவருக்கு பிபிஏவும் ஏறும், சர்க்கரையும் ஏறும். எதனால் எது என்று இத்தகைய ஆய்வு பிரித்துச் சொல்லாது. உங்கள் கணவர் விஷயத்தில் இரவுத் தூக்கம் கெடுவதையும், ஒவ்வொரு டீயோடும் உள்ளே போகும் சீனியையும்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். அதற்காக பிபிஏவை விட்டுவிடவும் முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதன் அனுமதி அளவை 20,000 மடங்கு குறைத்தது. அதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னது சர்க்கரையை அல்ல, நோய் எதிர்ப்புச் சக்திக்கு வரும் கேட்டை.

ஒரு நல்ல செய்தி, பிபிஏ உடம்பில் தங்குவதில்லை. பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். சான்ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் டின், பிளாஸ்டிக் படாத சமையலைக் கொடுத்துப் பார்த்தார்கள் (2011). சிறுநீரில் பிபிஏ சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

சூடும் எண்ணெயும்தான் பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனத்தை இழுக்கும். பருப்பும் புளியும் இருக்கும் டப்பாவால் பெரிய தொல்லை இல்லை. கொதிக்கும் சாம்பாரை ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றிய கவர்தான் தொல்லை. பாலிதீனுக்கு பிபிஏ தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் எதை எதையோ உருக்கிச் செய்த மலிவுக் கவருக்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. 2019இலிருந்து தமிழ்நாட்டில் இதற்குத் தடை. டீக்கடைப் பக்கம் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. பேப்பர் கப்பும் தப்பவில்லை, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. ஒரு எவர்சில்வர் தூக்கும் ஃபிளாஸ்க்கும் கொடுத்தனுப்புங்கள்.

தண்ணீர் கேன் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். வெயிலில் காய்ந்ததையும், கீறல் விழுந்து மங்கியதையும் வாங்காதீர்கள். வந்ததும் பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ ஊற்றிவிடுங்கள். 'பிபிஏ இல்லை' என்று எழுதிய டப்பாவுக்குக் கூடுதல் காசு தராதீர்கள். சில நேரம் பிபிஏவின் பங்காளியான பிபிஎஸ் உள்ளே இருக்கலாம்.

டெஸ்ட் வேண்டாம். சிறுநீரில் தெரிவது நேற்றைய சாப்பாட்டின் கணக்குதான், மருந்து மாத்திரை முடிவு செய்ய உதவாது. அந்தப் பணத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையான ஹெச்பிஏ1சி எடுத்து, ரிப்போர்ட்டுடன் டாக்டரைப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் என்பதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.