நடுவானில் விளக்கு எரிந்தால்...

வைட்ஃபீல்டில் வசிக்கும் நம்மவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. மேற்கே சற்றுத் தொலைவில்தான் எச்.ஏ.எல். விமான நிலையம். 'துருவ்' ஹெலிகாப்டர் 1992 ஆகஸ்ட் 20 அன்று முதன்முதலாகப் பறந்ததும் பெங்களூரில்தான். "மேலே போகும்போது ரிப்பேர் ஆனால் என்ன செய்வார்கள்?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில், தெரிந்ததை எளிமையாகச் சொல்கிறேன்.

என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விமானி இறக்கைகளின் சாய்வை உடனே குறைத்தால், கீழிருந்து வரும் காற்றே அவற்றைச் சுழற்றும். மகாகனி விதை சுற்றிக்கொண்டே இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, ஏறத்தாழ அதேதான். ஆனால் என்ஜினுக்கும் இறக்கைக்கும் நடுவில் உள்ள கியர்பாக்ஸ் இறுகிப்போனால் இந்த வித்தையும் பலிக்காது. ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு என்ஜின் விளக்கைவிட கியர்பாக்ஸ் விளக்கைக் கண்டால்தான் பயம்.

அந்த விளக்கு எப்படி எரிகிறது? கியர்பாக்ஸ் எண்ணெயில் 'சிப் டிடெக்டர்' என்ற காந்தச் செருகி ஒன்று இருக்கும். பற்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்து இரும்புத் துணுக்கு உதிர்ந்தால் காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். துணுக்கு இரு முனைகளையும் இணைத்ததும் மின்சுற்று முழுமையாகி விளக்கு எரியும். சில சமயம் அது வெறும் நுண்பொடியாகவும் இருக்கலாம். சில ரகங்களில் மின்சாரம் பாய்ச்சி அந்தப் பொடியை எரித்துவிடும் வசதி உண்டு.

விளக்கு எரிந்ததும் விமானியின் முதல் வேலை, பதறாமல் ஹெலிகாப்டரை ஒழுங்காக ஓட்டுவது. அடுத்து எண்ணெய் அழுத்தம், சூடு, அதிர்வு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது. பிறகு கையேடு. அதில் மூன்று விதக் கட்டளைகள் உண்டு: உடனே இறங்கு, முடிந்த விரைவில் இறங்கு, வசதியான இடம் பார்த்து இறங்கு. முதலாவதற்குப் பொருள், கீழே கடலே இருந்தாலும் இறங்கு என்பதுதான்.

2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடல்மேல் இதற்குச் சோதனை வந்தது. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களோடு சென்ற சிகோர்ஸ்கி எஸ்-92 ரக ஹெலிகாப்டரில், எண்ணெய் வடிகட்டியைப் பிடித்திருந்த டைட்டானியம் ஆணிகள் முறிந்து, கியர்பாக்ஸ் எண்ணெய் முழுவதும் கொட்டிவிட்டது. அழுத்தம் அடியோடு விழுந்தது. ஆனால் சூட்டைக் காட்டும் முள் ஏறவில்லை. எண்ணெய் போயிருந்தால் சூடு ஏற வேண்டுமே, ஆகையால் வேறு கோளாறாக இருக்கும் என்று விமானிகள் எண்ணினார்கள். எண்ணெய் இருந்தால்தானே அதன் சூட்டைக் கருவி காட்டும்! எண்ணெய் இல்லாமலே அரைமணி நேரம் ஓடும் என்ற நம்பிக்கையும் அப்போது பரவியிருந்தது. கரையை நோக்கிப் பறந்தார்கள். சுமார் 11 நிமிடத்தில் வால் விசிறியை இயக்கும் பற்கள் தேய்ந்து போயின. இருந்த 18 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். குளிர்கடலில் இறங்கு என்பது சொல்ல எளிது; அந்த இருக்கையில் இருப்பவருக்கு அல்ல. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டில் 2023 மார்ச் 8 அன்று மும்பை அருகே கடற்படையின் துருவ் ரக ஹெலிகாப்டர் திடீரென விசையிழந்து உயரம் குறைந்தது. விமானி அதைக் கட்டுப்பாட்டோடு கடலில் இறக்கினார். மூவரும் மீட்கப்பட்டனர். எல்லாக் கோளாறும் இறங்க அவகாசம் தருவதில்லை. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தார்கள்.

பத்திரமாக இறங்கிய பின்னும் விஷயம் முடியாது. அங்கேதான் எங்கள் வேலை தொடங்கும். செருகியைக் கழற்றி, துணுக்கைத் தாளில் வைத்து அளந்து, அது எந்த உலோகம், எந்தப் பாகத்தில் உதிர்ந்தது என்று பார்க்க வேண்டும். வட கடலில் சூப்பர் பூமா ஒன்றின் கியர்பாக்ஸில் 2009 மார்ச் 25 அன்று துணுக்கு ஒன்று கிடைத்தது. இயக்கியவர்கள் ஒன்று சொல்ல, தயாரித்தவர்கள் வேறாகப் புரிந்துகொள்ள, முழுச் சோதனை நடக்கவில்லை. ஏப்ரல் 1 அன்று பறக்கும்போதே அந்தக் கியர்பாக்ஸ் உடைந்தது. 16 பேர் மாண்டனர்.