டிசம்பருக்குப் பிறகு வரும் கணக்கு

அன்புள்ள பேத்திக்கு,

"டிசம்பர்லயே காலேஜ் கிடைச்சாச்சு தாத்தா, இனிமே கால்குலஸ் எதுக்கு?" என்று போனில் கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் உன் அப்பா குறுக்கே புகுந்து, "மார்க் குறைஞ்சா சீட்டைப் பிடுங்கிடுவாங்க" என்றான். அந்தப் பதில்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அவன் சொன்னது பொய்யில்லை. நடு ஆண்டு அறிக்கையும், ஜூனில் பள்ளி முடிந்ததும் இறுதி மதிப்பெண் பட்டியலும் கல்லூரிக்குப் போகத்தான் போகின்றன. மதிப்பெண் தலைகுப்புற விழுந்தால் இடத்தை ரத்து செய்யும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒரு பாடத்தில் ஏ போய் பி வந்ததற்காக யாரும் ரத்து செய்வதில்லை என்பது உனக்கே தெரியும். பதினேழு வயதுப் பெண்ணைப் பூச்சாண்டி காட்டிப் படிக்கவைக்கலாம் என்று பெரியவர்கள் இன்னும் நம்புகிறார்களே!

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீ எடுத்த பாடமெல்லாம் விண்ணப்பத்தை மனதில் வைத்து எடுத்தவை. கல்லூரிக்குப் போனதும் மதிப்பெண் துரத்தல் மறுபடி தொடங்கிவிடும். யாருக்கும் எதையும் நிரூபிக்காமல் படிக்க உனக்கு வாய்த்தவை நடுவிலுள்ள இந்தச் சில மாதங்கள்தாம். களைத்திருக்கிறாய், நன்றாகத் தூங்கு. வகுப்பில் மட்டும் தூங்காதே.

உன் பாடத்திட்டத்தையே பார். ஏ.பி. கால்குலஸ் பி.சி.யில் முடிவிலாத் தொடர்கள் கடைசி அலகு. மே மாதத் தேர்வுக்குச் சற்று முன்புதான் பெரும்பாலும் அதை நடத்துவார்கள். டிசம்பரோடு மூட்டை கட்டுகிறவர்கள் கோட்டைவிடுவது அந்தப் பாடத்திலேயே அழகான பகுதியை.

அந்தத் தொடர்களில் ஒன்றைச் சொல்கிறேன். 1-லிருந்து 1/3-ஐக் கழி, 1/5-ஐக் கூட்டு, 1/7-ஐக் கழி. இப்படியே போய்க்கொண்டிருந்தால் 'பை'யின் கால்பங்கு வரும். இதை லைப்னிட்ஸ் பெயரில் சொல்லிக்கொடுப்பார்கள். அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்கு முன்பே கேரளத்தில் சங்கமகிராம மாதவன் கண்டது இது. அவர் மரபில் வந்த ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் 'யுக்திபாஷா'வில் இதை நிரூபணத்தோடு எழுதினார், அதுவும் சம்ஸ்கிருதத்தில் அல்ல, மலையாள உரைநடையில். அந்நூலுக்குக் கே. வி. சர்மா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-இல் வெளிவந்தது. அதைக் கையிலெடுத்த பிறகு வெகுநாள் எனக்கு வேறு புத்தகம் ஓடவில்லை.

இந்தத் தொடர் ஆமை வேகத்தில்தான் நகரும். 10 உறுப்புகளைக் கூட்டிக் கழித்து நான்கால் பெருக்கினால் 3.0418. முதல் தசமமே தப்பு! மாதவன் மரபினர் மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போகவில்லை. நிறுத்திய இடத்தில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். 10 உறுப்புக்கு 1/10-ஐச் சேர்: 3.1418. அதிலும் திருப்தியில்லாமல் இன்னொன்று கண்டார்கள். 1/10-க்குப் பதில் 40/401-ஐச் சேர்: 3.14159. ஐந்து தசமமும் சரி. பத்தே உறுப்பில்!

இதை மே மாதத் தேர்வில் கேட்கமாட்டார்கள். நீ காகிதத்தில் போட்டுப் பார். 401 என்பது 10-இன் வர்க்கத்தை நான்கால் பெருக்கி 1 கூட்டியது. அந்த 1 எங்கிருந்து வந்தது? உன் கணக்கு ஆசிரியரிடமும் கேள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
தாத்தா