செவ்வாயில் மூச்சு விட

அன்புள்ள கயல்,

செவ்வாயில் மரம் நட்டால் ஆக்சிஜன் வந்துவிடாதா என்று கேட்டிருந்தாய். அங்குள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 95 விழுக்காடு, மரத்துக்கு விருந்துதானே என்பது உன் கணக்கு. அதில் அழுத்தத்தை விட்டுவிட்டாய்.

நம் கடற்கரையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1013 மில்லிபார். செவ்வாயில் சராசரியாக 6. அழுத்தம் 63 மில்லிபாருக்குக் கீழே இறங்கினாலே, 37 டிகிரி உடல் சூட்டில் தண்ணீர் கொதித்துவிடும். நாக்கின் ஈரம் நுரைத்து ஆவியாகும். அந்த 6 மில்லிபாரும் முழுக்க ஆக்சிஜனாகவே இருந்தாலும் உனக்குப் பயனில்லை.

அப்படியானால் காற்றை முதலில் அடர்த்தியாக்க வேண்டும். துருவப் பனியை உருக்கி, மண்ணிலும் பாறையிலும் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடைக் கிளப்பிவிடலாம் என்று பலர் நம்பினார்கள். கோள் அறிவியலாளர்கள் புரூஸ் ஜகோஸ்கியும் கிறிஸ்டோபர் எட்வர்ட்ஸும் 2018-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: கைக்கு எட்டுவதை எல்லாம் திரட்டினாலும் 20 மில்லிபார் அளவுதான் தேறும். பழைய காற்றில் பெரும்பகுதி விண்வெளிக்குத் தப்பிவிட்டது. கோளைக் காக்கும் காந்தப்புலம் அழிந்தபின் சூரியக் காற்று அதை அரித்துக்கொண்டே போனதை மேவன் விண்கலம் அளந்து காட்டியது. போனதைத் திருப்பிக் கொண்டுவர வழி தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. வெறும் ஆக்சிஜன் ஆபத்தானது. 1967-இல் தரையில் நடந்த ஒத்திகையின்போது, தூய ஆக்சிஜன் நிரம்பிய அப்பல்லோ 1 கலத்தில் தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். நம் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் கலந்திருப்பதால்தான் அடுப்புத் தீ அடுப்போடு நிற்கிறது. செவ்வாயில் நைட்ரஜனும் சொற்பம்.

ஆகவே கோள் முழுவதையும் மாற்றும் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கவர்ந்தது மாக்ஸி என்ற சிறு பெட்டி. பெர்செவரன்ஸ் ஊர்தியில் போன அது, செவ்வாய்க் காற்றை உறிஞ்சி அழுத்தி, 800 டிகிரி சூட்டில் மின்சாரம் பாய்ச்சி, கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தது. 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி, மொத்தம் 122 கிராம் தந்தது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கே ஏறத்தாழ 840 கிராம் வேண்டும். என்றாலும் அதே முறையில் பெரிய இயந்திரம் செய்யலாம். கூடாரத்துக்குள் காற்று நிரப்பலாம்.

நால்வர் அங்கே ஓராண்டு மூச்சுவிடச் சுமார் ஒரு டன் ஆக்சிஜன் போதும். அவர்கள் கிளம்பி வர, ராக்கெட்டில் எரிபொருளை எரிக்கவே 25 டன் தேவை என்கிறது நாசா!

அன்புடன்,
உன் மாமா